டோக்கியோவில் ஒரு நாள்: பேர் எழுதாமல் விட்ட தாத்தா

1)
டோக்கியோ போனால் நாம் எல்லோரும் என்ன செய்வோம்? ஷிபுயா சிக்னலில் நின்று ஒரு வீடியோ. அசாகுசா கோயிலில் அந்தப் பெரிய சிவப்பு விளக்குக்குக் கீழே ஒரு போட்டோ. அகிஹபாராவில் பிள்ளைகளுக்குப் பொம்மை. தப்பே இல்லை. நானும் இதெல்லாம் செய்தேன்.

ஆனா கான்ஃபரன்ஸ் முடிஞ்சு கையில் ஒரு முழு நாள் மிச்சம் இருந்துச்சு. கூட வந்த டாக்டர்கள் ஷாப்பிங் கிளம்பிட்டாங்க. நான் மெட்ரோ பிடித்து ஒரு பழைய கொலைக்களத்துக்குப் போனேன்.

"இவ்வளவு தூரம் வந்து அங்கயா போவீங்க டாக்டர்?" என்று கேட்டார்கள். ஏன் போனேன் என்பதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2)
ஹிபியா லைன். உயேனோவில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மினாமி செஞ்ஜூ. அதுவரை பூமிக்கு அடியில் போகிற ரயில் இங்கே மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்துவிடும். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், தண்டவாளங்கள், சைக்கிள் ஸ்டாண்டு. டூரிஸ்ட் என்று பார்த்தால் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை.

பக்கத்தில் ஒரு கடைத்தெரு. பேர் "கோட்ஸு தோரி". ஜப்பானிய மொழியில் கோட்ஸு என்றால் எலும்பு. இந்த இடத்தின் பழைய பேர் கோசுகப்பாரா, அதன் சுருக்கம்தான் கோட்ஸு என்றும் சொல்கிறார்கள். எலும்பு என்பதால்தான் என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்குமே நியாயம் இருக்கு.

ஏன்னா 1651 முதல் மெய்ஜி காலத்தின் தொடக்கம் வரை, இரண்டு நூற்றாண்டுக்கு மேல், எதோ நகரத்தின் கொலைக்களம் இது. எதோ என்பது டோக்கியோவின் பழைய பேர். இரண்டு லட்சம் பேருக்கு மேல் இந்த மண்ணில் புதைந்திருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் ரயில் பாதை இதை நடுவில் கிழித்துக்கொண்டு போய்விட்டது. பாதை போடத் தோண்டும்போதெல்லாம் மண்டை ஓடுகள் கிளம்பி வந்தன.

3)
தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் 1741ல் வைத்த பெரிய கல் ஜிசோ சிலை. ஜிசோ என்பவர் இறந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் துணை நிற்பவர் என்று ஜப்பானியர்கள் நம்பும் போதிசத்துவர். இங்கே அவர் பேர் "கழுத்து வெட்டு ஜிசோ".

இன்னொரு பக்கம் ஏகோயின் என்ற புத்தக் கோயில். 1667ல், இங்கே செத்தவர்களுக்குப் பிரார்த்தனை செய்யவே ஏற்பட்ட கோயில். இன்றைக்குப் பார்த்தால் கான்கிரீட் கட்டடம். உள்ளே நுழைகிற இடத்தில் சுவரில் ஒரு வெண்கலத் தகடு. அதில் ஒரு புத்தகத்தின் முகப்புப் படம்.

நான் பார்க்க வந்தது இந்தத் தகட்டைத்தான். ஒரு கொலைக்களத்தில் உடற்கூறு புத்தகத்துக்கு என்ன வேலை?

4)
250 வருஷம் பின்னால போவோம்.

ஷோகுன்களின் ஆட்சி. ஜப்பான் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம். ஐரோப்பியரில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் அனுமதி, அதுவும் நாகசாகியில் தெஜிமா என்ற கையளவு தீவில் மட்டும்.

அன்றைய ஜப்பானிய வைத்தியம் சீன வைத்தியத்தின் வழி வந்தது. ஐந்து உறுப்பு, ஆறு குடல் என்று உடம்புக்குள் ஒரு கணக்கு. நுரையீரலுக்கு ஆறு இதழ், இரண்டு காது. கல்லீரலுக்கு இடது பக்கம் மூன்று இதழ், வலது பக்கம் நான்கு. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்வார்கள். அறுத்துப் பார்ப்பது வழக்கமில்லை.

முதலில் பார்த்தவர் கியோத்தோவின் யமாவாகி தோயோ. 1754ல், மரண தண்டனை பெற்ற ஒருவரின் தலையில்லாத உடலை அறுக்க வைத்துப் பார்த்து, 1759ல் புத்தகமும் போட்டார். உடனே எதிர்ப்பு. "உயிர் போன உடம்புல பார்த்து என்ன தெரியப் போகுது?" என்ற ரீதியில் ஒரு மறுப்பு நூலே வந்தது.

அதற்குப் பிறகு அரசு வைத்தியர்கள் சிலரும் பல முறை அறுவையைப் பார்த்தார்கள். கண்ணால் பார்த்தது ஏட்டோடு பொருந்தவில்லை. அவர்களுக்கு என்ன சந்தேகம் வந்தது தெரியுமா? ஒருவேளை நம்ம உடம்பும் வெளிநாட்டுக்காரன் உடம்பும் வேற வேறயோ என்று! ஏடு தப்பாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

சிரிக்காதீங்க. புத்தகத்தில் உள்ளதும் நோயாளியிடம் பார்ப்பதும் பொருந்தாதபோது நாங்களும் இன்றைக்கு நோயாளி மேலதான் சந்தேகப்படுறோம்.

5)
எதோவில் சுகிதா கெம்பகு என்று ஒரு வைத்தியர். 1733ல் பிறந்தவர், ஒபாமா சிற்றரசின் வைத்தியர். (ஆமா, அப்படி ஒரு ஊர் ஜப்பானில் இருக்கு.) டச்சுக்காரர்கள் ஆண்டுதோறும் ஷோகுனுக்கு மரியாதை செய்ய நாகசாகியில் இருந்து எதோ வருவார்கள். அவர்கள் தங்கும் விடுதி இருந்த இடம் இப்போது ஷின் நிஹோம்பாஷி ஸ்டேஷன் பக்கம்.

அந்த விடுதி வழியாக ஒரு டச்சு உடற்கூறு புத்தகம் விலைக்கு வந்தது. எழுதியவர் குல்முஸ் என்ற ஜெர்மானியர். ஜெர்மன் மூலம் 1722, டச்சு மொழிபெயர்ப்பு 1734. கெம்பகுவுக்கு டச்சில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் படங்களைப் பார்த்தார். தான் படித்த எதனோடும் அவை ஒத்துப்போகவில்லை. கையில் அவ்வளவு பணம் இல்லை. சிற்றரசின் அதிகாரிகளிடம் சொல்லி, அரசுப் பணத்தில் வாங்க வைத்தார்.

படிக்கத் தெரியாத புத்தகத்தை, படங்கள் உண்மையா என்று சோதிப்பதற்காக வாங்கிய மனுஷன்!

6)
1771 வசந்த காலம். நாளை கோசுகப்பாராவில் ஓர் உடலை அறுக்கிறார்கள், வந்து பார்க்கலாம் என்று கெம்பகுவுக்குத் தகவல் வருகிறது. தனியாகப் போகவில்லை. நண்பர் நாகாகவா ஜுன்அன், இன்னொரு வைத்தியர் மாயேனோ ரியோதாகு இருவருக்கும் சொல்லி அனுப்பினார்.

காலையில் எல்லோரும் வழியில் ஒரு டீக்கடையில் கூடினார்கள். ரியோதாகு தன் சட்டைக்குள் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். நாகசாகியில் வாங்கி வந்ததாம். கெம்பகுவும் தன்னுடையதை எடுத்தார்.

இரண்டும் ஒரே புத்தகம். ஒரே பதிப்பு. கை தட்டி ஆச்சரியப்பட்டார்களாம்.

இன்றைய கணக்கில் தேதி 1771 ஏப்ரல் 18.

7)
அறுக்கப்பட்டது ஒரு பெண்ணின் உடல். வயது ஐம்பது இருக்கலாம். கியோத்தோவில் பிறந்தவர் என்றும், பெருங்குற்றம் செய்தவர் என்றும் குறிப்பு. "பச்சைத் தேயிலைக் கிழவி" என்பது பட்டப்பேர். உண்மைப் பேர் பதிவில் இல்லை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

அறுத்தது யார்? இங்கேதான் பலர் தப்பாக நினைக்கிறார்கள். அந்த மூன்று வைத்தியர்களும் கத்தியைத் தொடவே இல்லை. தொடவும் மாட்டார்கள். பிணத்தைத் தொடுவது, மாட்டை உரிப்பது, தோல் பதனிடுவது இவையெல்லாம் அன்றைய ஜப்பானில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் வேலை.

அன்றைக்கு அறுக்க வேண்டியவர் தோராமட்சு என்ற ஆள். கைதேர்ந்தவர் என்று பேர் எடுத்தவர். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு அவருடைய தாத்தா வந்தார்.

வயது 90.

8)
தாத்தா திடகாத்திரமாக இருந்தார் என்று எழுதியிருக்கிறார் கெம்பகு. சின்ன வயதில் இருந்தே இந்த வேலை செய்பவர், பல உடல்களைத் திறந்தவர்.

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். இது இதயம். இது கல்லீரல். இது பித்தப்பை. இது இரைப்பை.

பிறகு இன்னும் சிலவற்றைக் காட்டினார். இதுக்கெல்லாம் பேர் தெரியாது, ஆனா நான் இளவயசுல இருந்து திறந்த எல்லா உடம்புலயும் இதே இடத்துல இதே மாதிரி இருந்திருக்கு என்றாராம்.

பின்னாளில் கெம்பகு டச்சுப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை என்னவென்று தெரிந்தது. பெரிய ரத்த நாளங்கள். சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி.

நண்பர்களே, அட்ரீனல் என்பது கட்டைவிரல் அளவுகூட இல்லாத, கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒன்று. கொழுப்பின் நிறத்திலேயே இருக்கும். அது எதற்கு என்று ஐரோப்பாவிலேயே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தாமஸ் அடிசன் அதன் நோயை விவரித்தது 1855ல். ஒரு தாத்தா அதைத் தன் விரலால் தேடி எடுத்து, எல்லா உடம்புலயும் இது இருக்கு என்று உறுதியாகச் சொல்கிறார். நான் படித்த வரையில் இதற்குப் பேர்தான் அறிவியல்.

தாத்தா இன்னொன்றும் சொன்னாராம். இதற்கு முன்னாலும் வைத்தியர்கள் வந்து நின்றிருக்கிறார்கள், நானும் இதையெல்லாம் காட்டியிருக்கிறேன், ஆனால் இது என்ன, அது என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

9)
இதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

எம்பிபிஎஸ் படிக்கும்போது ஃபாரன்சிக் போஸ்டிங். மார்ச்சுவரி. சார் என்னிடம் "இடது அட்ரீனலைக் காட்டு" என்றார். அனாடமி பரீட்சையில் அட்ரீனல் பற்றி இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான். கொழுப்புக்குள் கையை விட்டுத் துழாவுறேன், துழாவுறேன், கிடைக்கல. கூட நின்ற பசங்க சிரிக்கிறாங்க.

அங்கே உடல்களைத் திறக்கும் ஊழியர் ஒருவர் இருந்தார். என் அப்பாவை விட மூத்தவர். "தள்ளுங்க சார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு விரலால் கொழுப்பை விலக்கி, மஞ்சளாக ஒரு சின்னப் பிறையை எடுத்துக் காட்டினார். "வலது பக்கம் முக்கோணமா இருக்கும் சார். இடது பக்கம் இப்படித்தான் இருக்கும்."

இன்றைக்கும் எனக்கு அட்ரீனல் என்றால் ஞாபகம் வருவது புத்தகப் படம் அல்ல, அந்த விரல்கள்தான்.

அந்த வேலைக்கு எந்தத் தெருவில் இருந்து ஆள் வருவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் திறப்பார், தைப்பார், கழுவுவார். டாக்டர் ரிப்போர்ட் எழுதுவார். ரிப்போர்ட்டில் அவர் பேர் வராது. "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டே போஸ்டிங்கை முடித்தேன். பேர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.

சரி. எதோவுக்குத் திரும்புவோம்.

10)
கெம்பகுவும் நண்பர்களும் கையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உடலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆறு இதழ், இரண்டு காது எதுவும் அங்கே இல்லை. கல்லீரலில் ஏழு இதழ் இல்லை. டச்சுப் படத்தில் எப்படியோ உடம்பிலும் அப்படியே.

போதாக்குறைக்கு, கொலைக்களத்தில் கிடந்த எலும்புகளையும் பொறுக்கி எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டார்கள். அவையும் பொருந்தின.

திரும்பி வரும் வழியில் மூன்று பேருக்கும் ஒரே வெட்கம். இத்தனை வருஷம் வைத்தியர் என்று சோறு சாப்பிட்டோம், உடம்புக்குள் என்ன இருக்கு என்று தெரியாமலே சாப்பிட்டோம் என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். இந்தப் புத்தகத்தை ஜப்பானிய வைத்தியர்கள் படிக்கும்படி மொழிபெயர்த்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

எப்போது ஆரம்பிப்பது? நாளைக்கே.

எங்கே? ரியோதாகு வீட்டில். சுகிஜியில்.

11)
நானும் சுகிஜிக்கே போனேன். மினாமி செஞ்ஜூவில் அதே ஹிபியா லைனில் ஏறினால் பத்தாவது ஸ்டேஷன். வண்டி மாற வேண்டாம். இருநூற்றுச் சொச்சம் யென். ரயிலுக்குள் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. போனில் பேச மாட்டார்கள்.

நடுவில் கொதென்மாசோ என்று ஒரு ஸ்டேஷன். ஷோகுன் காலத்துச் சிறைச்சாலை இருந்த இடம் அது. 1859ல் யோஷிதா ஷோயின் என்ற ஆசிரியரை இந்தச் சிறையில்தான் வெட்டினார்கள். அவரை முதலில் புதைத்தது நான் இப்போது பார்த்துவிட்டு வரும் கோசுகப்பாராவில். சிறை, கொலைக்களம், படிப்பறை மூன்றையும் ஒரே மெட்ரோ லைன் கோர்த்து வைத்திருக்கிறது. பக்கத்து சீட்டில் ஒரு ஸ்கூல் பையன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

சுகிஜி என்றதும் எல்லோருக்கும் மீன் மார்க்கெட்தான் நினைவு வரும். மறு பக்கம் நடந்தால் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை. அதன் பக்கத்தில், சாலை நடுவே ஒரு சின்னத் திட்டில், இரண்டு நினைவுக் கற்கள். ஒன்று டச்சுப் படிப்பின் ஊற்றுக்கண் இங்கே என்று சொல்கிறது. ரியோதாகு வேலை பார்த்த நகட்சு சிற்றரசின் மாளிகை இருந்த இடம் இது.

இன்னொரு கல்லுக்கு அப்புறம் வருகிறேன்.

12)
இவர்களிடம் என்ன இருந்தது என்று யோசிச்சுப் பாருங்க.

டச்சு-ஜப்பானிய அகராதி என்று ஒன்று அப்போது கிடையாது. முதல் பெரிய அகராதி வந்தது 1796ல். ரியோதாகுவுக்கு மட்டும் சில நூறு சொற்கள் தெரியும். வயது ஐம்பதை நெருங்குகிறது. கெம்பகுவுக்கு அரிச்சுவடியே அப்போதுதான்.

ஆகவே முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பிக்கவில்லை. மனித உடம்பின் முன்பக்கம், பின்பக்கம் காட்டும் படத்தில் இருந்து ஆரம்பித்தார்கள். தலை, தோள், முழங்கால் எது என்று பார்த்தாலே தெரியும், அதன் பக்கத்தில் உள்ள எழுத்து அதன் பேராகத்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கு. குழந்தை மொழி கற்கிற மாதிரி.

மாதம் ஆறேழு முறை கூடுவார்கள். புரியாத சொல்லுக்கு ஒரு வட்டத்துக்குள் சிலுவைக் குறி போட்டு வைப்பார்கள். ஆரம்பத்தில் பக்கம் முழுக்க சிலுவை மயம்தான். ஒரு வசந்த கால நீண்ட பகல் முழுக்க உட்கார்ந்தும் ஒரு வரி தேறாத நாட்கள் உண்டு.

மூக்கு பற்றி ஒரு சொல் பிடிபடாமல் படுத்திய கதை ஜப்பானில் பிரபலம். கிளையை வெட்டினால் அந்த இடத்தில் வரும், தோட்டத்தைப் பெருக்கினால் குப்பை சேர்ந்து வரும். அப்படியென்றால் "மேடாக எழும்புவது" என்று கண்டுபிடித்து, விலை மதிக்க முடியாத மணி கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார்களாம். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் மூலப் புத்தகத்தைப் புரட்டினால், மூக்குப் பகுதியில் அந்தச் சொல்லே இல்லை! கெம்பகு இந்த நினைவுகளை எழுதியது 1815ல், 83 வயதில், 44 வருஷம் கழித்து. எங்கேயோ பட்ட பாடு மூக்கில் போய் ஒட்டிக்கொண்டது போல. சந்தோஷம் மட்டும் மறக்கவில்லை.

13)
சொற்களைப் பற்றி ஒரு டாக்டராகக் கொஞ்சம் பேச வேண்டும்.

நம்ம ஊரில் "நரம்பு ஊசி" என்றால் என்ன? சிரையில் போடும் ஊசி. "நரம்புத் தளர்ச்சி" என்றால் வேறு. வீணைக்கும் நரம்பு உண்டு. ஒரே சொல் எல்லாவற்றுக்கும். இதை வைத்துக்கொண்டு நோயாளிக்கு விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களைக் கேளுங்க.

அவர்களுக்கு அதைவிடக் கஷ்டம். நரம்பு என்ற கருத்தே சீன வைத்தியத்தில் இல்லை. உயிர்ச்சக்திக்கான பழைய சொல்லில் பாதி, உடம்பின் பாதைகளுக்கான பழைய சொல்லில் பாதி எடுத்து ஒட்டி "ஷின்கேய்" என்று புதுச் சொல் செய்தார்கள். இன்றைக்கும் ஜப்பானில் நரம்புக்கு அதுதான் சொல். சீனர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

குருத்தெலும்புக்கு டச்சுச் சொல், கடித்தால் நறநறவென்று சத்தம் வரும் எலும்பு என்ற பொருளில் வரும். அதை "மென்மையான எலும்பு" என்று பொருள் பார்த்து மாற்றினார்கள்.

சுரப்பிக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. டச்சு ஒலியை அப்படியே "கிரீரு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். சுமார் முப்பது வருஷம் கழித்து, உதகாவா கென்ஷின் என்ற வைத்தியர் சதைக்கான குறியையும் ஊற்றுக்கான எழுத்தையும் சேர்த்து ஒரு புது எழுத்தையே உண்டாக்கினார். சதையில் ஊறும் ஊற்று. நம்ம "சுரப்பி"யிலும் அதே சுரத்தல்தான் இருக்கு, கவனிச்சீங்களா?

அப்படிப் பார்த்தால், தாத்தா விரல் வைத்துக் காட்டிய அந்த அட்ரீனலுக்கு மட்டும் அல்ல, சுரப்பி என்ற மொத்த இனத்துக்குமே அன்றைக்கு அந்த நாட்டில் பேர் கிடையாது. பேர் இல்லாததைத்தான் அவர் எழுபது எண்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

14)
நாலு வருஷம். பதினொரு முறை திருத்தி எழுதினார்கள்.

கெம்பகுவுக்கு அவசரம். தான் நோஞ்சான், எந்த நேரமும் போய்விடலாம், நீங்களெல்லாம் முடிக்கும்போது நான் புல்லுக்கு அடியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று புலம்புவாராம். நண்பர்கள் அதையே பட்டப்பேராக வைத்துவிட்டார்கள். அந்த நோஞ்சான் 1817 வரை இருந்தார். நண்பர்கள் இருவரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

அரசு என்ன சொல்லுமோ என்ற பயமும் இருந்தது. அதனால் 1773ல் முன்னோட்டமாகச் சில படங்களை மட்டும் வெளியிட்டு ஆழம் பார்த்தார்கள். தலைக்கு ஆபத்து வரவில்லை. 1774ல் "கைதாய் ஷின்ஷோ", அதாவது "உடற்கூற்றின் புது நூல்" வெளிவந்தது. உரை நான்கு பாகம், படங்கள் ஒரு பாகம். படம் வரைந்தவர் ஒதானோ நவோதகே என்ற அகிதா நாட்டு சாமுராய்.

கோசுகப்பாராவில் வெண்கலத்தில் இருப்பது இந்த நூலின் முகப்புதான்.

நூலில் மொழிபெயர்ப்பாளர் வரிசையில் ரியோதாகுவின் பேர் இல்லை. அதிகம் டச்சு தெரிந்தவர் அவர்தான், ஆனால் அவர் பேர் போட ஒப்பவில்லை. மொழிபெயர்ப்பு இன்னும் முழுமையாகவில்லை என்று அவர் நினைத்தார் என்பது ஒரு விளக்கம். புகழுக்காகப் படிக்க மாட்டேன் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது இன்னொன்று. ஆனாலும் வரலாறு அவரை விடவில்லை. முன்னுரை எழுதிய நாகசாகி மொழிபெயர்ப்பாளர் அவரைப் புகழ்ந்தார். கெம்பகுவின் நினைவுக் குறிப்பு முழுக்க அவர்தான். சுகிஜியில் கல் நிற்பதே அவர் வீட்டால்தான்.

15)
இப்போது அந்த இரண்டாவது கல். கெய்யோ பல்கலைக்கழகம் பிறந்த இடம் இது என்று சொல்லும் கல். 1858ல் ஃபுகுசாவா யூகிச்சி அதே நகட்சு மாளிகையில் ஒரு சின்ன டச்சுப் பள்ளி தொடங்கினார். அவரும் ரியோதாகுவின் அதே சிற்றரசைச் சேர்ந்தவர். 2024 வரை பத்தாயிரம் யென் நோட்டில் இருந்த முகம் அவருடையதுதான்.

கெம்பகுவின் நினைவுக் குறிப்பு தீயில் அழிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஷோகுன் ஆட்சியின் கடைசி நாட்களில் ஒரு தெருவோரப் பழைய புத்தகக் கடையில் பிரதி ஒன்று அகப்பட்டது. 1869ல் அதை அச்சில் கொண்டுவந்தவர் ஃபுகுசாவா.

அந்தப் பிரதி கிடைக்காமல் போயிருந்தால்? டீக்கடையில் இரண்டு புத்தகம் சந்தித்த கதை போயிருக்கும். தாத்தாவும் போயிருப்பார். தாத்தா அன்றைக்கு என்ன சொன்னார் என்று நமக்குத் தெரிவது கெம்பகு எழுதி வைத்ததால்தான். அதற்காக அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு. ஒதுக்கப்பட்ட ஒருவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, 83 வயதிலும் மறக்காமல் எழுதினார்.

ஆனால் தாத்தாவின் பேரை எழுதவில்லை. வராத பேரனின் பேர் இருக்கு. வந்து அறுத்தவரின் பேர் இல்லை.

16)
சட்டப்படி அந்த மக்கள் மேல் இருந்த இழிவை ஜப்பான் நீக்கியது 1871ல். தாத்தா கத்தி எடுத்த நாளில் இருந்து சரியாக நூறு வருஷம். சட்டம் போட்டால் போதுமா? நமக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கும் வேலைக்கும் பரம்பரை விசாரிப்பது அங்கேயும் நிற்கவில்லை. 2016ல்கூட இந்தப் பாகுபாட்டை ஒழிக்க என்று தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

சாயங்காலம் இன்னொரு இடத்துக்கும் போனேன். ஹகுசான் என்ற பகுதியில் நென்சொகுஜி என்ற சின்னக் கோயில். அங்கே மிகி என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது.

மிகி பாலியல் தொழிலில் இருந்தவர். நோய் முற்றி, 1869ல், முப்பதுகளில் இறந்தார். இறக்கும் முன், என் உடம்பை அறுத்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று சம்மதம் கொடுத்தார். ஜப்பானில் தானே முன்வந்து படிப்புக்கு உடலைக் கொடுத்த முதல் ஆள் என்று அவரைச் சொல்கிறார்கள். மருத்துவர்கள் படித்து முடித்து, கோயிலில் முறையாக அடக்கம் செய்து, கல் நட்டார்கள். கல்லில் பேர் இருக்கு.

பச்சைத் தேயிலைக் கிழவியில் இருந்து மிகி வரை 98 வருஷம். இருவருமே ஊர் மதிக்காத பெண்கள். ஒருத்தரிடம் கேட்கவில்லை, ஒருத்தரிடம் கேட்டார்கள். மருத்துவம் முன்னேறியது என்று எதை வைத்துச் சொல்வது என்று யாராவது கேட்டால், நான் ஸ்கேன் மெஷினைக் காட்ட மாட்டேன். இந்த வித்தியாசத்தைத்தான் சொல்வேன்.

17)
ஊருக்குத் திரும்பியதும் என்னோடு படித்தவர்கள் நாலைந்து பேருக்குப் போன் போட்டேன். "நம்ம மார்ச்சுவரில இருந்தாரே அந்த அண்ணன், அவர் பேர் என்னடா?"

எல்லோருக்கும் அவரை நினைவிருக்கு. அவர் பீடி நினைவிருக்கு, சிரிப்பு நினைவிருக்கு. ஒருத்தன் அவர் நடையை நடித்தே காட்டினான். பேர் மட்டும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவரிடம் கற்றுக்கொண்டு ஸ்பெஷலிஸ்ட் ஆனவர்கள் நாங்கள்.

இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைத்தால் இந்த த்ரெட்டின் கீழே எழுதுகிறேன்.

மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு மார்ச்சுவரி போனா, பக்கத்துல நிக்கிறவர்கிட்ட, "அண்ணே, இது என்ன?"ன்னு கேளுங்க. கோசுகப்பாரா தாத்தா அத்தனை வருஷம் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

கேட்டுட்டு, அவர் பேரையும் கேளுங்க.

டோக்கியோ போகிறவர்கள் ஷிபுயாவுக்கும் போங்க. ஹிபியா லைனில் ஒரு மூன்று மணி நேரம் இதற்கும் ஒதுக்குங்க.